கடை, கடன், கால்வாய்: ஓர் எல்லைப்புற வணிகர் மேயரான கதை

அமெரிக்காவின் தொடக்கக் காலம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமா காட்டிய அமெரிக்காதான். தூசு பறக்கும் தெரு, இடுப்பில் துப்பாக்கி, தங்கம் தேடி ஓடும் கூட்டம். அந்தத் தெருவின் ஓரத்தில் ஒரு கடை இருக்கும். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்று மாவும் ஆணியும் விற்பார். சண்டை வந்தால் குனிந்துகொள்வார். கதைக்கு அவர் தேவைப்படுவதில்லை.

உண்மையில் அந்த ஊரே அவரைச் சுற்றித்தான் இயங்கியது. ஊருக்குள் பொருள் வந்ததும், விளைச்சல் வெளியே போனதும், கடன் கிடைத்ததும், சில நேரம் நீதி கிடைத்ததும்கூட அவர் வழியாகத்தான். பல ஊர்களில் கடைசியில் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவரும் அவரே. பிட்ஸ்பர்க் 1816ல் நகரானபோது அதன் முதல் மேயரான எபெனேசர் டென்னி, போர்வீரராக இருந்து வணிகத்துக்கு வந்தவர். ஒரெகனின் போர்ட்லாண்டில் 1853ல் மேயரான ஜோசையா ஃபெயிலிங், அங்கே வந்து கடை வைத்தவர்.

இவர்களைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். "தனி மனிதராக உழைத்து ஒரு நகரத்தையே கட்டினார்" என்பது ஒன்று. "ஊரைச் சுரண்டிப் பதவியைப் பிடித்தார்" என்பது மற்றொன்று. இரண்டிலுமே அந்த வணிகம் எப்படி இயங்கியது என்ற விளக்கம் இல்லை. அது புரிந்தால்தான் ஒரு கடைக்காரர் ஏன் துறைமுகம் கட்டப் போனார், ஏன் மேயரானார் என்பது பிடிபடும்.

இதை ஒரே மனிதரின் வாழ்க்கை வழியாகப் பார்ப்போம். அவர் பெயர் சாமுவேல் வில்கெசன். நயாகரா அருவிக்குச் சற்றுத் தெற்கே, ஈரி ஏரியின் கரையில் உள்ள பஃபலோ நகரின் வணிகர். 1836ல் அதன் மேயர். அவருடைய கல்லறையில் "நகரை நிறுவினார்" என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அந்த வரி எவ்வளவு தூரம் சரி, எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் போகப்போகப் பார்க்கலாம்.

எல்லைப்புறம் எங்கே இருந்தது?

முதலில் இடத்தைச் சரிசெய்துகொள்வோம். கௌபாய் படங்களின் மேற்கு 1860களுக்குப் பிந்தையது. அதற்கு இரண்டு தலைமுறை முன்பு, அமெரிக்கா விடுதலை பெற்ற கையோடு, "மேற்கு" என்றால் பென்சில்வேனியாவின் மலைகளுக்கு அப்பால், ஒஹாயோ, நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடி ஆகியவைதான். இன்று காரில் ஒரே நாளில் கடக்கிற தூரம். அன்று அடர்ந்த காடு.

எல்லைப்புறம் என்று இந்தக் கட்டுரையில் சொல்வது, ஐரோப்பிய வழிக் குடியேறிகளின் வீடுகளும் வயல்களும் முடிகிற விளிம்பை. அது இரு நாடுகளுக்கு இடையிலான கோடு கிடையாது; ஆண்டுக்கு ஆண்டு மேற்கே நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த விளிம்புக்கு அப்பால் இருந்தது வெற்றிடமும் கிடையாது. பஃபலோவைச் சுற்றியிருந்த நிலம் செனெகா மக்களுடையது. அவர்கள் அமெரிக்கப் பழங்குடிகளின் இரோக்வா கூட்டமைப்பில் இருந்த ஆறு இனங்களில் ஒன்று. 1797ல் நடந்த ஓர் ஒப்பந்தத்தில் மேற்கு நியூயார்க்கின் பெரும்பகுதி அவர்கள் கையைவிட்டுப் போனது. ஹாலந்து லேண்ட் கம்பெனி என்ற டச்சு முதலீட்டாளர் குழு 30 லட்சம் ஏக்கருக்கும் மேலான நிலத்தைப் பெற்று, அளந்து, துண்டு போட்டு விற்றது. அதன் முகவர் ஜோசப் எல்லிகாட்தான் பஃபலோவின் தெருக்களை வரைந்தவர். செனெகா மக்களுக்கு மிஞ்சியது சில ஒதுக்கீட்டுப் பகுதிகள். அவற்றில் ஒன்று பஃபலோ ஊரை ஒட்டியே இருந்தது. இதற்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

நிலம் வாங்கியவர்கள் பெரும்பாலும் கையில் காசில்லாத உழவர்கள். கம்பெனி அவர்களுக்குத் தவணையில்தான் விற்றது. ஆகவே எல்லைப்புறக் குடும்பம் ஒன்று காட்டை வெட்டத் தொடங்கும் நாளிலேயே கடனோடுதான் தொடங்கியது.

காசு இல்லாத ஊரில் கடை எப்படி நடந்தது?

நம் ஊர் மளிகைக்கடையின் பற்று நோட்டை நினைத்துப் பாருங்கள். மாதம் முழுக்க அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறோம், கடைக்காரர் எழுதிக்கொள்கிறார், சம்பளம் வந்ததும் அடைக்கிறோம். எல்லைப்புறக் கடையும் இதே போலத்தான். ஆனால் மூன்று வேறுபாடுகள். சம்பளம் என்று ஒன்று கிடையாது, அறுவடைதான் உண்டு. அதனால் கணக்கு மாதக்கணக்காக இல்லாமல் ஆண்டுக்கணக்காக நீளும். அடைப்பதும் காசில் இல்லை, பொருளில். மூன்றாவது, அந்த நோட்டுதான் ஊரின் பணம், ஊரின் வங்கி எல்லாமே.

காசு ஏன் இல்லை? அமெரிக்க அரசின் நாணயச்சாலை 1790களில்தான் தொடங்கியது; அது அடித்த நாணயம் நாட்டுக்குப் போதவில்லை. ஸ்பானிய வெள்ளி டாலர் 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது. அந்த வெள்ளியும் கிழக்கே கடற்கரை நகரங்களை நோக்கியே ஓடியது. ஏனென்றால் துணியும் இரும்பும் தேயிலையும் அங்கிருந்துதான் வந்தன. உள்ளூர் வங்கிகள் தாமே அச்சிட்ட நோட்டுகளும் புழங்கின. ஆனால் பக்கத்து மாநில வங்கியின் நோட்டை வாங்குவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு தடவையும் ஒரு யோசனை.

ஆகவே கடைக்காரரிடம் இரண்டு புத்தகங்கள் இருந்தன. நாள்வழி என்பது அன்றன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது. பேரேடு என்பது ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, அவர் தர வேண்டியதையும் தந்ததையும் எதிரெதிரே எழுதுவது. ஒரு கோடரி, இரண்டு கெஜம் துணி, கொஞ்சம் உப்பு ஒரு பக்கம். கோதுமை, வெண்ணெய், பதனிட்ட தோல், மூன்று நாள் வண்டி ஓட்டிய கூலி மறுபக்கம். எல்லாவற்றுக்கும் டாலரில் விலை எழுதியிருக்கும். ஆனால் ஒரு டாலர்கூடக் கைமாறியிருக்காது.

பேரேட்டுக்கு இன்னொரு பயனும் இருந்தது. கொல்லர் உழவருக்குக் கலப்பை செய்து தருகிறார். உழவர் கொல்லருக்கு நேராக எதையும் தர வேண்டியதில்லை. "என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாற்றுங்கள்" என்று கடைக்காரரிடம் சொன்னால் போதும். இரண்டு பக்கங்களில் இரண்டு வரிகள், கடன் தீர்ந்தது. இதைத்தான் அந்த நோட்டு வங்கியாக இருந்தது என்று சொன்னேன். வெறும் பண்டமாற்று என்று இதைச் சுருக்கிவிடுவது தவறு. பண்டமாற்றில் இரண்டு பேரும் அந்த நேரத்திலேயே பொருளை மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே மாறியது பொருளும் காலமும் நம்பிக்கையும் கலந்த ஒன்று.

சரி, உழவர் தரும் பொருளை வைத்துக் கடைக்காரர் என்ன செய்வார்? இங்கேதான் சிக்கல். கோதுமை கனமானது, விலையோ குறைவு. மலை தாண்டிக் கொண்டுபோனால் கூலியே விலையை விழுங்கிவிடும். அதனால் எல்லைப்புறம் கனத்தைக் குறைத்து விலையைக் கூட்டும் வழிகளைத் தேடியது. மேற்குப் பென்சில்வேனியாவில் அந்த வழி விஸ்கி. பொதிகுதிரை ஒன்று தானியமாகச் சுமந்தால் ஏறத்தாழ 100 கிலோ ரை சுமக்கும். அதையே காய்ச்சி இரண்டு பீப்பாய்களில் ஏற்றினால் ஏறத்தாழ 600 கிலோ ரையின் மதிப்பைச் சுமக்கும். 1791ல் மத்திய அரசு விஸ்கிக்கு வரி போட்டதும் அந்தப் பகுதி கொதித்து, 1794ல் கிளர்ச்சியே வெடித்ததற்குக் காரணம் இதுதான். அவர்களுக்கு விஸ்கி வெறும் குடி கிடையாது. சந்தைக்குப் போகும் வண்டியும் செலாவணியும் அதுவே.

மேற்கு நியூயார்க்கில் அந்த இடத்தைப் பிடித்தது பொட்டாஷ். காட்டை வெட்டியதும் மரங்களைக் குவித்து எரிப்பார்கள். சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து, அந்தக் கார நீரைப் பெரிய இரும்புக் கொப்பரையில் காய்ச்சினால் அடியில் கட்டியாக நிற்பதுதான் பொட்டாஷ். சோப்பு, கண்ணாடி, துணி வெளுக்கும் ஆலைகள் எல்லாவற்றுக்கும் அது தேவைப்பட்டது. மான்ட்ரியலில் ரொக்கத்துக்கு விலைபோனது. வயல் விளைவதற்கு முன்பே காடு ஒரு பயிராக விற்கப்பட்டது என்று சொல்லலாம். உழவரின் முதல் தவணைப் பணம் பெரும்பாலும் இந்தச் சாம்பலிலிருந்துதான் வந்தது.

கடைக்காரரும் கடனாளிதான்

இதுவரை கடைக்காரர் கடன் கொடுப்பவராகவே தெரிகிறார். திரும்பிப் பார்த்தால் அவரும் கடனில் நிற்பவர். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை அவர் நியூயார்க்குக்கோ பிலடெல்பியாவுக்கோ பயணம் போய், மொத்த வியாபாரிகளிடம் ஆறு மாதம், ஓராண்டு தவணையில் சரக்கு எடுப்பார். அந்த மொத்த வியாபாரிகளில் பலர் இங்கிலாந்தின் ஆலைகளிடமும் ஏற்றுமதியாளர்களிடமும் கடனில் சரக்கு எடுத்தவர்கள். லங்காஷயர் நெசவாலையில் தொடங்கும் கடன், லிவர்பூல், நியூயார்க், பஃபலோ என்று வந்து, காட்டில் மரம் வெட்டும் ஒரு குடும்பத்தின் பேரேட்டுப் பக்கத்தில் முடியும்.

இதைக் கடன் சங்கிலி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணி அறுந்தால் அதிர்ச்சி இரு பக்கமும் ஓடும். விளைச்சல் பொய்த்தால் உழவர் கடைக்காரருக்குத் தர முடியாது. கடைக்காரர் நியூயார்க்குக்குத் தர முடியாது. லண்டனில் வட்டி ஏறினால் அதே அதிர்ச்சி மேலிருந்து கீழே வரும். கடைக்காரர் நடுக்கண்ணியில் நிற்பவர். கீழே உள்ளவர்களிடம் கெடு நீட்டிக்க வேண்டும். மேலே உள்ளவர்கள் கெடு நீட்டிக்க மாட்டார்கள்.

சுருக்கமாக இதுவரை பார்த்தது: எல்லைப்புறத்தில் பணம் குறைவு, கடன்தான் பணம். கடைக்காரரின் பேரேடு அந்தக் கடனைச் சுமந்தது. அவரும் மேலே ஒருவருக்குக் கடன்பட்டவர். ஆகவே ஊரின் விளைபொருள் வெளியே போய் விலையாக மாறினால்தான் அவர் பிழைப்பார். அப்படிப் போவதற்குப் பாதை வேண்டும். இனி வரும் எல்லாம் அந்தப் பாதையைப் பற்றியதுதான்.

உப்பின் பயணம்

வில்கெசன் 1781ல் பென்சில்வேனியாவின் கார்லைலில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். தந்தை விடுதலைப் போரில் போரிட்டவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் மலை தாண்டி மேற்கே போனது. பள்ளிப் படிப்பு என்று சொல்லும்படி எதுவுமில்லை. இளைஞராக ஒஹாயோவில் காடு வெட்டி உழுதார், மாவாலை கட்டினார். பின்பு ஈரி ஏரிக்கரைக்கு வந்து உப்பு வணிகத்தில் இறங்கினார்.

அந்த உப்பு வந்த வழியைப் பார்த்தால் "பாதை" என்ற சொல்லின் கனம் புரியும். நியூயார்க் மாநிலத்தின் நடுவே ஒனன்டாகாவில் உப்பு ஊற்றுகள் இருந்தன. அங்கே காய்ச்சிய உப்பு, படகில் ஆஸ்வீகோ துறைக்குப் போகும். அங்கிருந்து கப்பலில் ஒன்டாரியோ ஏரியைக் கடக்கும். நயாகரா அருவி குறுக்கே நிற்பதால் பீப்பாய்களை இறக்கி மாட்டுவண்டியில் மேலே ஏற்ற வேண்டும். மறுபடி படகு; ஈரி ஏரி; ஈரி என்ற ஊர். அங்கே மறுபடி இறக்கி, காட்டு வழியே 15 மைல் வண்டி. பிறகு ஓடை, ஆறு, கடைசியாகப் பிட்ஸ்பர்க். ஒரு பீப்பாய் உப்புக்கு இத்தனை இறக்கு, இத்தனை ஏற்று. இவ்வளவுக்குப் பிறகும் அது மலை தாண்டிக் குதிரையில் வந்த உப்பைவிட மலிவாக இருந்தது.

இறைச்சியைப் பதப்படுத்த உப்பு இல்லாமல் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது. விற்பனைக்குப் பஞ்சமில்லை, செலவெல்லாம் வழியில்தான். வில்கெசன் படகு கட்டக் கற்றுக்கொண்டது இந்த வணிகத்துக்காகத்தான். 1812ல் பிரிட்டனோடு போர் மூண்டபோது அந்தத் திறமைக்காகவே அவரை அழைத்தார்கள். ஜெனரல் ஹாரிசனின் படைக்குப் போக்குவரத்துப் படகுகள் கட்டித் தந்தார்.

எரிந்த ஊரில் கடை வைத்தவர்

1813 டிசம்பரில் அமெரிக்கப் படை, நயாகரா ஆற்றுக்கு அப்பால் கனடாவில் இருந்த நியூவார்க் ஊரைக் கடுங்குளிரில் எரித்தது. அதற்குப் பழிவாங்க டிசம்பர் 30 அன்று பிரிட்டிஷ் படை பஃபலோவை எரித்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டடங்களே மிஞ்சின. ஊரைக் காக்கத் திரண்டு சிதறிய உள்ளூர்ப் படையில் வில்கெசனும் இருந்தார்.

அடுத்த ஆண்டே அவர் குடும்பத்தோடு அந்தச் சாம்பலுக்குத் திரும்பி வந்தார். வீட்டுக்கும் கடைக்கும் வேண்டிய மரச்சட்டங்களைப் படகில் ஏற்றி ஏரி வழியே கொண்டுவந்து நிறுத்தினார். ஊரே மறுபடி கட்டப்படும்போது ஆணிக்கும் கண்ணாடிக்கும் மாவுக்கும் தேவை எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். துணிச்சலும் கணக்கும் சேர்ந்த முடிவு அது. எல்லைப்புற வணிகர்களின் வாழ்க்கையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்வது வீண் வேலை என்பது என் கருத்து.

போர் முடிந்து படைகள் கலைந்ததும் வேலையில்லாச் சிப்பாய்கள் ஊரில் நிறைந்தார்கள். களவும் அடிதடியும் பெருகின. ஊர் மக்கள் வில்கெசனை அமைதிக் காவல் நீதிபதியாக்கினார்கள். அமைதிக் காவல் நீதிபதி என்பவர் சிறு வழக்குகளையும் சிறு கடன் தகராறுகளையும் தீர்க்கும் உள்ளூர் நீதிபதி. சட்டப் படிப்பு தேவையில்லை. வில்கெசன் கடுமையானவர் என்று பெயரெடுத்தார். பிற்பாடு மாவட்ட நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் ஆனார். கடைசிவரை ஊர் அவரை "ஜட்ஜ்" என்றே அழைத்தது.

ஏன் ஒரு கடைக்காரரை? ஊரில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் சொன்ன சொல் காப்பவர் என்பது அவருக்குத்தான் தெரியும். பேரேடு வைத்திருப்பவரிடம் அந்தத் தகவல் இயல்பாகவே சேர்ந்துவிடுகிறது. அதே ஆளிடம் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் சேர்வதில் உள்ள ஆபத்தும் வெளிப்படையானது. தன்னிடம் கடன்பட்டவர்மீது வழக்கு வந்தால் என்ன ஆகும்? சிறிய ஊர்களில் இதற்குத் தெளிவான பதில் இல்லாமலேயே காலம் ஓடியது.

துறைமுகம்: மூன்று பேரின் பிணை

1817 ஜூலை 4 அன்று நியூயார்க் மாநிலம் ஈரி கால்வாயை வெட்டத் தொடங்கியது. கிழக்கே ஹட்சன் ஆற்றையும் மேற்கே ஈரி ஏரியையும் இணைக்கும் 363 மைல் நீர்வழி. மேற்கு முனை எங்கே என்பதுதான் கேள்வி. போட்டியில் இரண்டு ஊர்கள்: பஃபலோ, அதற்கு இரண்டு மூன்று மைல் வடக்கே நயாகரா ஆற்றில் இருந்த பிளாக் ராக்.

பிளாக் ராக்கின் கை ஓங்கியிருந்தது. அருவியைச் சுற்றிச் சரக்குக் கடத்தும் உரிமையை வைத்திருந்த போர்ட்டர், பார்ட்டன் நிறுவனத்தின் ஊர் அது. பங்குதாரர் பீட்டர் போர்ட்டர் காங்கிரஸ் உறுப்பினர், போர்த் தளபதி, கால்வாய் ஆணையராகவும் இருந்தவர். ஈரி ஏரியின் முதல் நீராவிக் கப்பலான "வாக்-இன்-த-வாட்டர்" 1818ல் கட்டப்பட்டதும் அங்கேதான். ஒரு குறை இருந்தது. ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில் நீரோட்டம் மிக வேகம். நீராவி எந்திரம் போதாமல், கரையில் மாடுகளைப் பூட்டிக் கயிறு கட்டிக் கப்பலை ஏரிக்கு இழுத்தார்கள்.

பஃபலோவுக்கோ துறைமுகமே இல்லை. பஃபலோ ஓடை ஏரியில் கலக்கும் வாயில் மணல் திட்டு அடைத்துக் கிடந்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, சிறு படகுகளில் சரக்கை இறக்கினார்கள். புயல் வந்தால் ஒதுங்க இடமில்லை. துறைமுகம் இல்லாத ஊருக்குக் கால்வாய் வராது. கால்வாய் வராவிட்டால் ஊரின் நிலமும் கடைகளும் பேரேட்டில் உள்ள கடன்களும் மதிப்பிழக்கும். கடன் சங்கிலியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்: பஃபலோ வணிகர் ஒருவருக்கு மணல் திட்டு என்பது தன் பேரேட்டின்மீதே உட்கார்ந்திருந்த திட்டு.

ஊரார் ஒரு துறைமுக நிறுவனம் அமைத்து மாநில அரசிடம் 12,000 டாலர் கடன் கேட்டார்கள். அரசு சம்மதித்தது, ஆனால் தனிநபர் பிணை வேண்டும் என்றது. பிணை என்றால், வேலை கெட்டுப்போய்க் கடன் அடைபடாவிட்டால் கையெழுத்திட்டவரின் சொந்த வீடும் நிலமும் கடையும் போகும் என்று ஒப்புக்கொள்வது. 1819ல் நாடெங்கும் வங்கிகள் சரிந்து பணநெருக்கடி. நிறுவனத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். கடைசியில் மூன்று பேர் நின்றார்கள்: சார்ல்ஸ் டவுன்செண்ட், ஆலிவர் ஃபார்வர்ட், வில்கெசன். மூவரும் கையெழுத்திட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எல்லாரும் விலகிய பிறகு போடும் கையெழுத்துக்கு இருக்கும் எடையே வேறு.

வேலையை நடத்தத் தகுந்த ஆள் கிடைக்கவில்லை. வில்கெசனே மேற்பார்வையை ஏற்றார். துறைமுகம் கட்டிய அனுபவம் அவருக்கு இல்லை. படகு கட்டத் தெரியும், ஏரியின் குணம் தெரியும். மரக்கட்டைகளைப் பெட்டிபோல் அடுக்கிக் கட்டி, நீரில் இறக்கி, கற்களை நிரப்பி, ஒன்றன்பின் ஒன்றாக ஏரிக்குள் வரிசையாக நிறுத்தினார்கள். புயலில் சில நகர்ந்தன, மறுபடி நிறுத்தினார்கள். முளைக்கம்பங்களை அடித்து இறக்கச் சம்மட்டிக்குப் போரில் மிஞ்சிய ஒரு பழைய பீரங்கிக் குழாயைத் தூக்கிப் போட்டு அடித்தார்கள். அதன் எடை 2,000 பவுண்டு. அவர் இடுப்பளவு நீரில் ஆட்களோடு நின்று வேலை வாங்கினார். ஓடையின் வாயையும் நேராகத் திருப்பினார்கள்; புதிய வழியில் பாய்ந்த வெள்ளநீரே மணலை அரித்துக்கொண்டு போனது. 221 வேலைநாட்களில் ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்கு, 12 அடி ஆழம்வரை அலைதடுப்பு எழுந்தது.

1821 இலையுதிர் காலத்தில் "வாக்-இன்-த-வாட்டர்" பஃபலோ அருகே புயலில் சிக்கி உடைந்தது. உரிமையாளர்கள் அடுத்த கப்பலை எங்கே கட்டுவது என்று யோசித்தபோது, பஃபலோ வணிகர்கள் மறுபடி ஒரு பத்திரம் எழுதித் தந்தார்கள்: இங்கே கட்டுங்கள், வசந்தத்தில் கப்பல் வெளியேற ஓடை திறந்திருக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நாங்கள் அபராதம் தருகிறோம். "சுப்பீரியர்" என்ற அந்தக் கப்பல் 1822ல் பஃபலோ ஓடையிலிருந்தே ஏரிக்குள் போனது. கால்வாயின் முனையும் பஃபலோவுக்கே வந்தது.

கால்வாய் வந்ததும்

1825 அக்டோபர் 26 அன்று ஆளுநர் டிவிட் கிளின்டனை ஏற்றிக்கொண்டு "செனெகா சீஃப்" படகு பஃபலோவிலிருந்து புறப்பட்டது. கால்வாய் 40 அடி அகலம், 4 அடி ஆழம்தான். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கரையில் நடந்து படகை இழுத்தன. ஆனாலும் பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கை அனுப்ப ஏறத்தாழ 100 டாலராக இருந்த கட்டணம் 10 டாலர் அளவுக்கு விழுந்தது.

உப்பையும் விஸ்கியையும் பொட்டாஷையும் இப்போது திரும்ப நினைத்துப் பாருங்கள். கோதுமையைக் கோதுமையாகவே அனுப்பலாம் என்றானது. உழவரின் விளைச்சலுக்குக் கிழக்கே விலை கிடைத்தது; பேரேட்டுக் கடன் ரொக்கமாக அடையத் தொடங்கியது. மேற்கே போகும் குடியேறிகளும் கிழக்கே வரும் தானியமும் பஃபலோவில் படகு மாறின. 1820ல் சுமார் 2,100 பேர் இருந்த ஊரில் 1830ல் 8,668 பேர். 1840ல் 18,213 பேர்.

மேயர் பதவி அப்போது என்ன?

பஃபலோ 1832ல் நகரானது. அன்றைய மேயரை இன்றைய மேயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. நகர மன்ற உறுப்பினர்கள் ஓராண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தார்கள். தெரு, விளக்கு, தீயணைப்பு, சந்தை, சட்டம் ஒழுங்கு ஆகியவைதான் வேலை. சொத்துள்ளவர்கள் தங்களுக்குள் மாற்றி மாற்றி ஏற்ற ஒரு பொறுப்பு என்று சொல்வது பொருந்தும். மாநிலச் செனட்டராக இருந்து திரும்பிய வில்கெசன் 1836ல் அந்த நாற்காலிக்கு வந்தார்.

அந்த ஆண்டு பஃபலோவில் மனை விலை தாறுமாறாக ஏறியிருந்தது. ஊரின் மிகப்பெரிய கட்டட வணிகர் பெஞ்சமின் ராத்பன். 1835 ஒரே ஆண்டில் 99 கட்டடங்களை எழுப்பியவர். 1836 ஆகஸ்டில் அவருடைய கடன் பத்திரங்களில் இருந்த உத்தரவாதக் கையெழுத்துகள் பல போலி என்று வெளிப்பட்டது. ஒருவரின் கடனுக்கு இன்னொருவர் "நான் பொறுப்பு" என்று பத்திரத்தின் பின்புறம் போடுவதுதான் உத்தரவாதக் கையெழுத்து. ஊரின் முக்கியமான பெயர்கள் அப்படிப் போலியாகப் போடப்பட்டிருந்தன. ராத்பன் சிறைக்குப் போனார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அடுத்த ஆண்டு, 1837ல், நாடு முழுவதும் வங்கிகள் பணம் தருவதை நிறுத்தின.

மூன்று பேரின் உண்மையான கையெழுத்தில் துறைமுகம் எழுந்த ஊர், பொய்க் கையெழுத்துகளில் சரிந்தது. இரண்டும் ஒரே முறையின் இரண்டு முகங்கள். ஊரின் செழிப்பும் வணிகரின் சொந்த ஆதாயமும் பின்னிக் கிடந்ததால்தான் அவர்கள் பொதுவேலைக்கு உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். அதே பின்னல்தான் ஒருவர் விழுந்தால் ஊரையே இழுத்தது.

பேரேட்டில் பக்கம் இல்லாதவர்கள்

வில்கெசனின் பிற்கால வாழ்க்கையைப் பாராட்டுக் கட்டுரைகள் இரண்டு வரியில் கடந்துவிடும். 1830களின் இறுதியில் அவர் வாஷிங்டனுக்குப் போய் அமெரிக்கக் குடியமர்த்தல் சங்கத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1816ல் தொடங்கிய அந்தச் சங்கம், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில், லைபீரியாவில் குடியமர்த்த முயன்றது. வில்கெசன் அடிமைமுறையை ஆதரித்தவர் அல்லர். சங்கத்தின் கடனை ஒழுங்குபடுத்தினார், லைபீரியாவோடு கப்பல் வணிகத்தை வளர்க்கப் பார்த்தார். துறைமுகம் கட்டிய அதே வேகம். ஆனால் யாருக்காக அந்தத் திட்டம் என்று சொல்லப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் அதை மறுத்தார்கள். 1817லேயே பிலடெல்பியாவில் கறுப்பின மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு, நாங்கள் பிறந்த நாடு இதுவே என்று எதிர்த்தார்கள். அடிமைமுறை எதிர்ப்பின் பெருந்தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். 1843ல் கறுப்பினக் குடிமக்களின் தேசிய மாநாடு கூடியது வில்கெசனின் பஃபலோவிலேயே. அடிமைப்பட்டவர்கள் தங்கள் எசமானர்களை எதிர்த்து எழ வேண்டும் என்று கறுப்பினப் போதகர் ஹென்றி ஹைலண்ட் கார்னெட் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியது அந்த மாநாட்டில்தான். வில்கெசன் 1848 ஜூலையில், டென்னசியில் மகளைப் பார்க்கப் போகும் வழியில் இறந்தார்.

நகரின் ஓரத்தில் இருந்த செனெகா மக்களை முதலில் சொன்னேன். கால்வாய் வந்து நிலத்தின் விலை ஏறிய ஒவ்வோர் ஆண்டும் அவர்களுடைய பஃபலோ ஓடை ஒதுக்கீட்டின்மீது கண்கள் கூடின. சாகோயேவாத்தா என்ற அவர்களின் பெரும் பேச்சாளர், வெள்ளையர் ரெட் ஜாக்கெட் என்று அழைத்தவர், 1830ல் இறக்கும்வரை நில விற்பனையை எதிர்த்தார். 1838ல் ஆக்டன் லேண்ட் கம்பெனிக்காக ஓர் ஒப்பந்தம் கொண்டுவரப்பட்டது. தலைவர்கள் சிலருக்குக் கையூட்டும் மிரட்டலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். செனெகா மக்களின் நான்கு ஒதுக்கீடுகளும் போய்விடும் நிலை. செனெகா மக்களும் அவர்களுக்குத் துணைநின்ற குவேக்கர் என்ற கிறித்தவ சபையினரும் போராடினார்கள். 1842ல் வந்த மாற்று ஒப்பந்தம் அலகேனி, கட்டரகஸ் ஆகிய இரண்டு ஒதுக்கீடுகளை அவர்களுக்கே திருப்பித் தந்தது. பஃபலோ ஓடை திரும்ப வரவில்லை. அங்கிருந்த குடும்பங்கள் அடுத்த சில ஆண்டுகளில் தோட்டங்களையும் புதைகுழிகளையும் விட்டுப் பெரும்பாலும் கட்டரகஸுக்குப் போனார்கள். காலியான அந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு நகரத்தோடு சேர்ந்தது. இன்றைய தெற்கு பஃபலோவின் தெருக்கள் அதன்மீதுதான் ஓடுகின்றன.